உப்புவெளியில் குறைந்த எட்டாயிரம் ரூபாய்: ஒரு றொக் குழுவின் முதல் பருவம்

திருகோணமலையில் பொழுதுபோக்காக றொக் வாசிக்கும் நால்வர் குழு ஒன்று தன் முதல் பருவத்தில் பட்ட அனுபவத்தின் பதிவு இது. அந்தக் குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பவன் நான். மற்ற மூவரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் வாசித்த இடங்களின் பெயரும் விடப்பட்டுள்ளன. மூன்று இடங்களில் வாசித்தோம். முதல் இரண்டும் சரிவரவில்லை. ஏன் சரிவரவில்லை என்பதற்கு நாங்களாகவே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டோம். அது பிழையான காரணம். அதை நம்பி ஒரு மாத உழைப்பை வீணாக்கினோம். இப்படிப் பிழைவிட்ட குழுக்கள் வேறும் இருக்கும் என்பதால்தான் எழுத நினைத்தேன்.

பின்னணி

முன்னணிக் கிற்றார் வாசிப்பவருக்கு 41 வயது. கணித ரியூசன் ஆசிரியர். ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பிக்கு 26 வயது. திருக்கடலூரில் படகு என்ஜின் திருத்துகிறான். சாதாரண தரத்துக்கு அவரிடம் கணிதம் படித்தவன் என்பதால் இன்றும் அவரை "சேர்" என்றுதான் கூப்பிடுவான். பாடுபவர் 29 வயதுத் தாதி. இரண்டாவது கிற்றாரும் அவர்தான். எனக்கு 37. ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன்.

ஒத்திகைக்கு இடம் கொடுத்தது லிங்கநகரில் என் உறவினர் பாதியில் நிறுத்திவிட்ட ஒரு வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பூச்சுக் காணாத சீமெந்துக் கல் சுவர், மேலே தகரம். அயலவருக்குத் தொல்லையாக இருக்கக்கூடாது என்று சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டினோம். முட்டை அட்டை சத்தத்தை வெளியே விடாமல் தடுக்காது. உள்ளே கீச்சென்ற ஒலிகளைச் சற்று உறிஞ்சும். பேஸுக்கும் ட்ரம்ஸுக்கும் அது ஒன்றுமே இல்லை. சுவர் பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த அறையில் ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு தரம், இரண்டிரண்டு மணி நேரம் வாசித்தோம். தம்பி ஸ்னேர் ட்ரம்மில் ஓங்கி அடிப்பான். சேருக்குத் தன் கிற்றார் கேட்காது, குமிழைத் திருகுவார். அதோடு எனக்கு என்னுடையது கேட்காது, நானும் திருகுவேன். பாடகியின் குரல் எவருக்கும் கேட்காது. ஆனால் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அவர் எங்கே நிற்கிறார் என்று உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். பதினான்கு பாட்டுத் தயாராகிவிட்டது என்று முடிவெடுத்தபோது, அந்தப் பதினான்கில் ஒன்றின் வரிகளையாவது ஒத்திகையில் தெளிவாகக் கேட்டிருக்கிறோமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

இங்கே வாசிப்பதற்குப் பருவம் உண்டு. தென்மேல் பருவக்காற்று தெற்கிலும் மேற்கிலும் மழையைக் கொட்டும் மாதங்களில் திருகோணமலை காய்ந்து கிடக்கும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் நிறையும். ஐப்பசியில் வாடை தொடங்கினால் கடற்கரையில் கதிரைகளைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். எங்களுக்கு இருந்தது அந்த ஐந்து மாதம்தான்.

முதல் நிகழ்ச்சி: கடற்கரை விடுதி

மே கடைசியில் ஒரு சனிக்கிழமை. உப்புவெளியில் கிடுகு வேய்ந்த திறந்த சாப்பாட்டுக் கொட்டகை, மணல் தரை, பதினொரு மேசை. பேசிய தொகை 20,000 ரூபாயும் இராச்சாப்பாடும். எழுத்தில் ஒன்றும் இல்லை. பாட்டுக்கான இரண்டு ஸ்பீக்கரையும் ஒரு சிறிய மிக்சரையும் வாடகைக்கு எடுத்தோம். கிற்றாருக்கு 50 வாற்று அம்ப்ளிஃபயர், பேஸுக்கு 60. இரண்டும் கொழும்பில் கைமாறி வாங்கியவை.

முதல் பிரச்சினையைக் கச்சான் கொண்டுவந்தது. அந்த மாதங்களில் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் அந்தக் காற்றுக்கு மைக்கின் வலை ஒரு ஊதுகுழல் மாதிரி. பாடகி வாயைத் திறக்குமுன்பே ஸ்பீக்கரில் "பூ" என்று இரைச்சல். மெத்தைக்கடைப் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி மைக்குக்குத் தொப்பி போட்டோம். அது வேலை செய்தது. அன்று சரியாகச் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

கண்டவற்றை, அன்று அவற்றுக்கு என்ன பொருள் கொடுத்தோம் என்பதை விட்டுவிட்டு எழுதுகிறேன். இரண்டாவது பாட்டில் முன் மேசையில் இருந்த சிறுமி இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். மூன்றாவது பாட்டில் இரண்டு மேசைக்காரர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைக்கரைப் பக்கம் போனார்கள். பரிமாறும் பையன் ஓடர் எடுக்க ஒவ்வொருவர் காதோடும் குனிந்தான். ஒரு மேசைக்கு இறாலுக்குப் பதில் கணவாய் போய்த் திரும்பி வந்தது. நாலாவது பாட்டு முடியுமுன் விடுதிக்காரர் வந்து கையைக் கீழ்நோக்கி அசைத்தார்.

மிக்சரின் பிரதான நெம்பை நான்தான் கீழே இழுத்தேன். இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்த மிக்சருக்குள் போய்க்கொண்டிருந்தது பாடகியின் மைக் மட்டும். கிற்றார்கள் தங்கள் அம்ப்ளிஃபயரில் நேராக ஒலித்தன. ட்ரம்ஸுக்கு மைக்கே இல்லை, தேவையும் இல்லை. ஆகவே, சத்தத்தைக் குறையுங்கள் என்று கேட்டவருக்கு நான் குறைத்துக் கொடுத்தது அங்கே இருந்த ஒரே மெல்லிய ஒலியை. இரைச்சல் அப்படியே இருந்தது, பாட்டுத்தான் போனது. தன் குரல் காணாமல் போனதை உணர்ந்த பாடகி மைக்கின் தலையை இரண்டு கையாலும் பொத்திக் கத்தினார். முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும்படி செய்யப்பட்ட மைக், தலையைப் பொத்தினால் எல்லாப் பக்கமும் வாங்கத் தொடங்கும். ஸ்பீக்கரின் ஒலியை அது திரும்ப வாங்கி ஊளையிட்டது. விடுதிக்காரர் மறுபடியும் வந்தார். நான் நெம்பை மறுபடியும் இழுத்தேன்.

இடைவேளையில் அவர் என்னிடமும் சேரிடமும் நீளமாக ஏதோ சொன்னார். காது இரண்டும் இரைந்துகொண்டிருந்ததால் பாதிதான் விளங்கியது. ஒன்பதரைக்கு முடித்தோம். கையில் 12,000 ரூபாய் வைத்தார். ஸ்பீக்கர் வாடகை 6,000, சாமான் ஏற்றிய பட்டா எனும் சிறு லொறிக்கு 3,500. மிச்சத்தை நாலாகப் பிரித்தபோது ஆளுக்கு 625 ரூபாய்.

பிழையான முடிவு

திரும்பி வரும் வழியில் சேர் சொன்னார்: "இந்த ஊருக்கு றொக் சரிவராது." ஒருவரும் மறுக்கவில்லை. அது வசதியான முடிவு. குற்றம் கேட்டவர்கள் தலையில் போய்விடுகிறது. விடுதிக்காரர் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுகிறார்.

ஜூன் முழுதும் பாட்டுப்பட்டியலை மாற்றினோம். பதினான்கில் ஆறை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் திரைப்பாட்டு நாலும் பைலா இரண்டும் வைத்தோம். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் காலத்துத் தமிழ்ப் பொப்பிசையையும் கொஞ்சம் தொட்டுப் பார்த்தோம். பைலாவின் ஆறெட்டுத் தாளம் தம்பிக்கு லேசில் பிடிபடவில்லை. பாலையூற்றில் இருக்கும் ஒரு பறங்கி அங்கிளை அழைத்துவந்தோம். எழுபதைத் தாண்டியவர், கல்யாண வீடுகளில் வயலின் வாசித்தவர். அவர் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து தாளத்தைத் தொடையில் தட்டிக் காட்டினார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஒரே கேள்வி கேட்டார்: "அந்தப் பிள்ளை என்ன பாடுது?" வயதானவர், காது மந்தம் என்று நினைத்தோம். நால்வருமே அப்படித்தான் நினைத்தோம் என்பது பின்னர் பேசியபோது தெரிந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி: மண்டபம்

ஜூன் கடைசியில் ஒரு பழைய மாணவர் ஒன்றுகூடல். நகருக்குள் பழைய மண்டபம், சுமார் நூற்றிருபது பேர். காசு இல்லை, சாப்பாடும் மேடையும்.

இரண்டாவது பாட்டின் நடுவே பாடகி தலையைப் பின்னால் உதறினார். உதட்டில் மின்சாரம். அவர் கிற்றார் கம்பியில் கை வைத்திருந்தார். உதடு மைக்கில் பட்டது. நான் உடனே நிறுத்தச் சொன்னேன். ஒரு பாட்டை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்றார் சேர். பாடகி கிற்றாரைக் கழற்றிக் கீழே வைத்தார். "நான் வார்டில் பார்த்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். நிறுத்தினோம்.

கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் நடுவே மல்ரிமீற்றரைப் பிடித்தபோது 108 வோல்ற் காட்டியது. மிக்சர் மேடையின் இடப்பக்கம் மூன்று முள் சொக்கற்றில், எர்த்தோடு இருந்தது. பாடகியின் அம்ப்ளிஃபயர் வலப்பக்கம் பழைய வட்டமுள் சொக்கற்றில், எக்ஸ்டென்ஷன் வயர் வழியாக, எர்த் இல்லாமல் இருந்தது. எர்த் இல்லாத கருவியின் உலோக உடம்பில் உள்ளிருக்கும் வடிகட்டி வழியாகக் கசியும் மின்சாரம் 230 வோல்ற்றில் ஏறக்குறைய பாதியாக நிற்பது வழக்கம். பெரும்பாலும் அது சுள்ளென்று தொட்டுவிடும் அளவு மின்னோட்டம்தான். ஆனால் உள்ளே காப்பு உடைந்து நேரான மின்சாரம் வந்திருந்தாலும் தொடுமுன் வித்தியாசம் தெரியாது. மேடையில் நின்று பிரித்தறிய வழியில்லை என்பதால் ஒரு சுள்ளென்றதையும் கடைசி எச்சரிக்கையாக எடுப்பது என்று அன்றே முடிவானது. எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே சொக்கற்றுக்கு மாற்ற இருபத்தைந்து நிமிடம் போனது.

மறுபடி தொடங்கி, ஜூன் முழுதும் பழகிய திரைப்பாட்டுகளை வாசித்தோம். அந்த மண்டபத்தில் அவற்றைத் தெரியாதவர் ஒருவரும் இருந்திருக்க முடியாது. முதல் இசைக்குச் சிலர் கைதட்டினார்கள். ஒரு நிமிடத்தில் முகங்கள் திரும்பிவிட்டன. நூற்றிருபது பேரில் அரைவாசி வெளி விறாந்தையில் நின்று கதைத்தார்கள். மீதிப்பேர் கத்திக் கதைத்தார்கள். கடற்கரையில் கண்டது அப்படியே.

இங்கேதான் எங்கள் காரணம் உடைந்தது. ஊருக்குப் பிடிக்காத பாட்டு என்றால் பிடித்த பாட்டைக் கொடுத்தபோது நின்று கேட்டிருக்க வேண்டும்.

பின்வரிசையிலிருந்து வந்த பதிவு

இரண்டு நாள் கழித்து, மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து ஒருவர் கைப்பேசியில் எடுத்த நாலு நிமிட வீடியோ வந்தது. நால்வரும் என் வீட்டு விறாந்தையில் இருந்து கேட்டோம். சிம்பலின் சளசளப்பு, கிற்றாரின் உச்சக் கீச்சு, நடுவே தகரத்தை உலுக்குவது போல ஒரு ஸ்னேர். பேஸ் ஒரு முணுமுணுப்பு. பாட்டு இல்லை. ஒரு சொல்கூட இல்லை. பாடகி இரண்டாம் முறை போடச் சொன்னார். மூன்றாம் முறையும். பிறகு, "நான் அன்றைக்கு வந்தேன்தானே?" என்று கேட்டார். தம்பி சிரித்தான், அவர் சிரிக்கவில்லை.

அங்கிள் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவருக்குக் காது மந்தமில்லை.

கிற்றாரின் கீச்சு ஏன் அவ்வளவு? இதற்கு விடை இரண்டு துண்டாகக் கிடைத்தது. முதலாவது இடம் பற்றியது. சேரின் அம்ப்ளிஃபயர் தரையில் இருந்தது. அவர் அதற்கு முன்னால் ஒரு மீற்றர் தூரத்தில் நிற்பார். உச்ச ஒலிகள் ஸ்பீக்கரிலிருந்து டோர்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். அவருடைய முழங்காலுக்கு அது நன்றாகக் கேட்டிருக்கும், காதுக்கு ஏறவில்லை. ஐந்து மீற்றர் தள்ளி உட்கார்ந்திருந்தவர் முகத்தில் நேராக விழுந்தது.

இரண்டாவது துண்டைப் பாடகி கொண்டுவந்தார். சேருக்குச் சில வருடங்களாக இரவில் காதிரைச்சல் இருக்கிறது. ரியூசன் வகுப்பில் பின்வாங்குப் பிள்ளைகள் கேட்பது பிடிபடுவதில்லை. பாடகி வற்புறுத்தி அவரைக் காதுச் சோதனைக்கு அனுப்பினார். வரைபடத்தில் 4,000 ஹேர்ட்ஸ் அண்டிய இடத்தில் இரண்டு காதிலும் பள்ளம். நெடுநாள் இரைச்சலால் கேட்கும் திறன் குறைந்தவர்களிடம் 3,000 முதல் 6,000 வரை இப்படிப் பள்ளம் விழுவது வழமை என்று மருத்துவர் விளக்கியிருக்கிறார். தான் கேட்காததை அவர் குமிழைத் திருகி ஈடுசெய்துகொண்டிருந்தார். கிற்றாரின் கூர்மைக்கு இது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரைபடத்தை மேசையில் வைத்த பிறகு, குமிழ் பற்றி அவரோடு கதைப்பது ரசனைச் சண்டையாக இல்லாமல் போனது. இருபது வருடம் கணிதம் கற்பித்தவர். வரைபுக்கு மரியாதை கொடுப்பார்.

ஒத்திகை அறையில் கைப்பேசிச் செயலி ஒன்றால் அளந்தபோது பாடகி நிற்கும் இடத்தில் 102, 104 டெசிபல் என்று காட்டியது. இத்தகைய செயலிகள் முன்பின் சொல்லும், ஒப்பிடப் போதும். தொழிலிடங்களுக்காக அமெரிக்க நிறுவனமான நையோஷ் வகுத்த எல்லைப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடம். நாங்கள் ஒவ்வொரு ஒத்திகையிலும் இரண்டு மணி நேரம் இருந்தோம்.

எடுத்த முடிவுகள்

ஜூலையில் இரண்டு வாரம் வாசிக்கவே இல்லை, பேசினோம். எங்கள் முன் மூன்று வழி இருந்தது.

பெரிய ஸ்பீக்கர் எடுத்துக் குரலை மேலே கொண்டுவருவது தம்பியின் யோசனை. இதை முதலில் தள்ளினோம். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் வலு ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். அந்த வாடகை எங்களுக்குக் கட்டாது. கட்டினாலும், ஏற்கெனவே காதைப் பொத்திய சிறுமிக்கு இன்னும் கூட்டிக் கொடுப்பதாகத்தான் முடியும். எலெக்ட்ரோனிக் ட்ரம்ஸ் வாங்குவது இரண்டாவது. அதன் விலையைக் கேட்டபின் பேச்சு நின்றது.

மூன்றாவது, தலைகீழாகத் தொடங்குவது. பாடகி சாதாரணமாகப் பாடும் அளவுக்கு மைக் ஊளையிடாமல் எவ்வளவு ஏறுமோ அதை முதலில் வைப்பது. மற்ற மூவரும் அதற்குக் கீழே வந்து சேர்வது. ஸ்பீக்கரை மைக்கின் முதுகுப் பக்கம் வைத்தால் இன்னும் கொஞ்சம் ஏற இடமிருந்தது. சேரின் அம்ப்ளிஃபயரைப் பிளாஸ்ரிக் கதிரையில் ஏற்றி, அவர் காதைப் பார்க்கும்படி பின்னால் சாய்த்தோம். முதல் நாளே, "இவ்வளவு கூர்மையா இது?" என்று அவராகவே குமிழைக் குறைத்தார்.

ட்ரம்ஸ்தான் கடினம். பேஸ் ட்ரம், ஸ்னேர், ஹை-ஹட், ஒரு சிம்பல் போக மற்றவை வீட்டில். ஸ்னேரின் மேல் ஒரு கைத்துவாய். தடிக்குப் பதிலாகக் குச்சிக்கட்டு வேண்டும். கடையில் வாங்க இங்கே கிடைக்கவில்லை. தம்பி தென்னோலை ஈர்க்குகளைக் கட்டி ஒட்டுநாடா சுற்றிக் கொண்டுவந்தான். இரண்டாவது பாட்டில் முனை உதிர்ந்து ஸ்னேரெல்லாம் ஈர்க்குத் துண்டு. பிறகு இறைச்சி வாட்டும் மூங்கில் குச்சிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி, நடுவில் ஒரு றப்பர் வளையம் போட்டான். அது நின்றது. வளையத்தை மேலே ஏற்றினால் அடி இறுகும், கீழே இறக்கினால் தளரும், என்ஜின்காரனின் கை.

ஆனால் அவனுக்கு மனம் ஒப்பவில்லை. "மெதுவாக அடித்தால் அது றொக்கா, சேர்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. சேர் மறுமொழி சொல்லவில்லை. வழமைபோல, சேர் சொல்லாததால் அது தீர்ந்துவிட்டதாக மற்ற மூவரும் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவது நிகழ்ச்சி: உணவகம்

ஓகஸ்ட் நடுவில், உட்துறைமுக வீதிப் பக்கம் சிறிய உணவகம் ஒன்று. இருபத்தைந்து பேருக்கு இடம். இம்முறை ஒரு தாளில் எழுதினோம்: 15,000 ரூபாய், ஏழு முதல் ஒன்பதரை வரை, சத்தம் பற்றி உரிமையாளர் சொல்வதே முடிவு. ஒலிபெருக்கி அனுமதிக்கு அவர்தான் பொலிஸில் விண்ணப்பித்தார். 2007 இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த கட்டளைக்குப் பின் இரவு 10 முதல் காலை 6 வரைக்கு அந்த அனுமதி பொதுவாகக் கிடையாது. அனுமதித்த நேரத்திலும் ஒலி அந்த வளவைத் தாண்டக்கூடாது. நானும் பாடகியும் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். ஒரு வீட்டில், "எத்தனை மணிக்கு முடியும்?" என்று மட்டும் கேட்டார்கள்.

சரிபார்க்கும்போது பாடகி மட்டும் முதலில் பாடினார். நான் மைக்கை விட்டுத் தூரச் சுவர் வரை நடந்துபோய்ச் சொல் விளங்குகிறதா என்று கேட்டேன். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். இவ்வளவு எளிய வேலையை அதற்கு முன் ஒருநாளும் செய்திருக்கவில்லை. மேடையில் நிற்பவனுக்கு மேடைதான் கேட்கும்.

இதிலும் ஒரு பிழை விட்டோம். வெறும் அறையில் அளந்தது ஆட்கள் நிறைந்த அறைக்குப் பொருந்தவில்லை. உடைகளும் உடம்புகளும் ஒலியைக் குடித்தன. கதை பேச்சும் ஏறியது. மூன்றாவது பாட்டில் ஒரு மேசையிலிருந்து ஒருவர் கையை மேல்நோக்கி அசைத்தார்: "கொஞ்சம் கூட்டுங்கள்." அந்தக் கை எங்களுக்குப் புதிது. தம்பி வளையத்தை ஒரு விரல் அளவு ஏற்றினான்.

பழைய பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட ஆறு றொக் பாட்டில் மூன்றைத் திரும்ப வைத்திருந்தோம். எழுந்து போனவர் இல்லை. பைலாவுக்கு ஒரு குடும்பம் கதிரையில் இருந்தபடியே தோளை ஆட்டியது. எட்டரை மணிவரை நன்றாகவே போனது.

கடைசிப் பாட்டுக்குத் தம்பி பையிலிருந்து மரத்தடிகளை எடுத்தான். துவாயைக் கழற்றி எறிந்தான். சேரின் கை குமிழுக்குப் போனது, என்னுடையதும்தான். நாலு நிமிடம், பழைய அறை திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பருவத்தில் நாங்கள் மகிழ்ந்து வாசித்த நாலு நிமிடம் அதுதான். இரண்டு மேசைக்காரர் பில் கேட்டார்கள். உரிமையாளர் கல்லாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கையை அசைக்கவில்லை. பேசிய தொகையை முழுதாகக் கொடுத்து, "அடுத்த மாதமும் வாருங்கள், கடைசிப் பாட்டு இல்லாமல்" என்றார்.

பிறகு நடந்தவை

செப்டெம்பரில் இரண்டு தரம் அங்கே வாசித்தோம். தம்பி அவற்றுக்கு வரவில்லை. ஓகஸ்ட் நிகழ்ச்சிக்குப் பின் அவனிடம் சேர் சற்றுக் கடுமையாகக் கதைத்துவிட்டார். நானும் குமிழைத் திருகினேன் என்பதை அந்த இடத்தில் நான் சொல்லவில்லை. அவன் ஒரு கல்யாண இசைக்குழுவோடு போய்ச் சேர்ந்தான். நாங்கள் அங்கிளின் வயலினோடு, ட்ரம்ஸ் இல்லாமல் சமாளித்தோம். கேட்டவர்களிடமிருந்து குறை வரவில்லை. ஆனால் தாளத்தைப் பிடிக்க ஆளில்லாமல் றொக் பாட்டுகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து உதிர்ந்தன. செப்டெம்பர் கடைசியில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்ததை றொக் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐப்பசி முதல் மழையோடு தம்பி ஒத்திகைக்கு வந்தான். கல்யாணக் குழுவில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து அடிக்க வைத்தார்களாம். இரண்டாம் நாள் அவனுக்கும் காது இரைந்திருக்கிறது. ஓகஸ்டில் சொல்லாததை நான் அன்று சொன்னேன். அவன், "தெரியும் அண்ணா, பேஸ் எனக்குப் பக்கத்தில்தானே" என்றான்.

அதே வாரம் உப்புவெளிக்குப் போனேன். பழைய விடுதிக்காரரைப் பார்க்க. எட்டாயிரம் ரூபாய் பற்றிக் கேட்கத்தான் போனேன், மறைக்கவில்லை. அன்றிரவு கொட்டகைக்குப் பின்னாலிருந்த இரண்டு அறைக்காரர் கைக்குழந்தையோடு வேறு விடுதிக்குப் போய்விட்டார்கள் என்றும், அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததில் ஒரு பகுதியைத்தான் எங்கள் கணக்கில் கழித்ததாகவும் சொன்னார். "இடைவேளையில் இதைத்தானே தம்பி உங்களுக்குச் சொன்னேன், நீங்கள் தலையாட்டினீர்களே" என்றார்.

இனி மாற்றிச் செய்வது

ஒத்திகையை இப்போது பாடகி மைக் இல்லாமல் பாடுவதில் தொடங்குகிறோம். அதற்குமேல் எவராவது ஏறினால் அவர் பாட்டை நிறுத்திவிடுவார். தம்பிக்கும் சேருக்கும் காதடைப்பான் கட்டாயம். மற்ற இருவருக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். நான் பாதி நாள் மறந்துவிடுகிறேன். எங்கே போனாலும் மல்ரிமீற்றர் முதல் பெட்டியில் வரும். எர்த் பார்க்காமல் பிளக் போடுவதில்லை. தொகை, நேரம், கழிவு எல்லாம் எழுத்தில்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைத் தொடக்கத்திலேயே பேசியிருக்க வேண்டும். சேரிடம் மாணவன் சொல்லமாட்டான். நான் சண்டைக்குப் பயந்து சொல்லமாட்டேன். இப்போது அது பாடகியிடம் இருக்கிறது. சேரின் அம்ப்ளிஃபயரில் உச்ச ஒலிக் குமிழின் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் அவர் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். குமிழ் அந்தப் புள்ளியைத் தாண்டுவதில்லை.

தீராமல் இருப்பது அந்தக் கடைசிப் பாட்டு. அதை முழு ட்ரம்ஸோடு, முழுச் சத்தத்தில் வாசிக்கத்தான் நாங்கள் சேர்ந்தோம். அதற்கு இந்த ஊரில் சிறிய இடம் எதுவும் தோதில்லை. மூங்கில் குச்சியில் அது அந்தப் பாட்டு இல்லை என்று தம்பி சொல்வது சரி. இதற்கு என்னிடம் விடை இல்லை.

விடுதிக்காரரிடம் அடுத்த மே மாதத்துக்குக் கேட்டபோது, ட்ரம்ஸ் இல்லாமல் என்றால் யோசிக்கலாம் என்றார். நால்வரும் கூடி, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அதற்குப் பதிலாக, சித்திரையில் ஒரு பகல் கொட்டகை வெறுமையாக இருக்கும் நேரம் பார்த்து, குச்சிக்கட்டோடும் துவாயோடும் வந்து அவர் ஒருவருக்காக மூன்று பாட்டு வாசிக்கிறோம், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். பின் அறைகளின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே இருந்து கேட்பேன் என்றார். ஒத்துக்கொண்டோம். தம்பி புதிதாக நாலு கட்டுக் குச்சி கட்டிவிட்டான்.